ஒரு மணிச் சீட்டு

1943 மே 14, வெள்ளிக்கிழமை. பகல் மணி 1.41.

கிளியனூருக்கு மேற்கே ராணுவம் போட்ட ஓடுபாதையின் மேற்குக் கோடியில், ஜல்லிக் குவியலில் மூக்கைக் குத்திக்கொண்டு ஒரு சின்ன விமானம் எரிந்துகொண்டிருந்தது. ஓட்டிவந்த கெர் என்ற வெள்ளைக்கார வாலிபன் உள்ளேயே மாட்டிக்கொண்டான். வயது இருபத்திரண்டு. சீட்டாட்டத்தில் தோற்றாலும் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் என்று முகாமில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும்.

முதலில் ஓடிப்போனவன் முகாம் கூலியாள் ராயப்பன். நெருப்புக்குள் இரண்டு கையையும் விட்டு, கெர்ரின் தோள்வாரைப் பிடித்து இழுத்தான். வார் அறுந்தது. கையில் தோல் உரிந்தது. நாலு சிப்பாய்கள் வந்து அவனைப் பின்னால் இழுத்துப் போட்டார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கறுப்புப் புகை வடமேற்காகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விமானம் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் இறங்கவேண்டும். முதுகைக் கொடுத்தால் காற்று பின்னாலிருந்து தள்ளும். பாதை தீர்ந்தாலும் விமானம் நிற்காது. இந்தச் சின்ன விமானத்தில் வயர்லெஸ் கிடையாது. கம்பத்தில் கட்டுகிற காற்றுப் பை மூன்று நாளைக்கு முன்னால் கிழிந்து, புதுசு இன்னும் வரவில்லை. அதனால் தரையில் கிடக்கும் வெள்ளைப் பலகை ஒன்றுதான் மேலே இருப்பவனுக்கு வழிகாட்டி. பலகை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் பார்த்து இறங்குவான். மணிக்கொரு தடவை காற்று பார்த்துச் சீட்டு எழுதுகிறவர் ஒருவர். சீட்டை வாங்கி ஆணியில் குத்தி, அதன்படி பலகையைத் திருப்புகிறவன் ராயப்பன்.

நெருப்பு அடங்கினபிறகு, முகாம் தலைவர் கேப்டன் டால்ட்டன் விமானத்தண்டையிலிருந்து நேராகப் பலகைக்கு நடந்தார். பலகை மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டையில் ஆணி. ஆணியில் பகல் ஒரு மணிக்கான சீட்டு. அவரே பிடுங்கிப் படித்தார்.

'மணி 1. காற்று தென்கிழக்கிலிருந்து, 20 மைல். கிழக்கு நோக்கி இறக்கவும். முன்காற்று 14. பக்கக்காற்று 14.'

சீட்டில் எழுத்தும் அம்புக்குறியும் கிழக்கு என்கின்றன, பலகை மேற்கைக் காட்டுகிறது. டால்ட்டன் இரண்டு தடவை படித்தார். பிறகு ராயப்பனைக் கட்டச் சொன்னார். வெந்துபோன மணிக்கட்டின் மேலேயே கயிறு போட்டார்கள்.

மணி 2.40.

திண்டிவனம் சப்-இன்ஸ்பெக்டர் மொய்தீன் பிச்சை பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஜும்மா முடிந்து இலையில் உட்கார்ந்த மனிதரைப் போன் போட்டு எழுப்பியிருந்தார்கள். பசி. வெயில். பஸ் வழியில் இரண்டு தடவை நின்று கரியைக் கிளறிக்கொண்டது. சும்மாவே முன்கோபக்காரர், அன்றைக்குக் கேட்கவேண்டாம்.

டால்ட்டன் பேசியதெல்லாம் இங்கிலீஷ். இவரும் இங்கிலீஷிலேயே பதில் கொடுத்தார். சூடு குறையாமல் தமிழில் தருகிறேன்.

"உங்களைத் துப்பறியக் கூப்பிடவில்லை. ஒரு கையெழுத்துக்காகத்தான் கூப்பிட்டோம்" என்றார் டால்ட்டன். "நாலரைக்கு விழுப்புரத்திலிருந்து மிலிட்டரி போலீஸ் லாரி வருகிறது. இவனை ஏற்றிவிடுவேன். யுத்த காலச் சதி. தூக்குத்தான்."

"ஏன் செய்தான்?"

"இந்த ஓடுபாதைக்காக அவன் குடிசையை இடித்தோம். ஊராருடைய களத்துமேடும் இதில்தான் போனது. போதாதா?"

"இடிச்சு எவ்வளவு நாள் ஆகுது?"

"எட்டு மாதம்."

"எட்டு மாசமா தினம் பலகையைச் சரியாத் திருப்பினவனுக்கு, இன்னைக்குத்தான் குடிசை ஞாபகம் வந்துதா?"

டால்ட்டனின் கழுத்து சிவந்தது. "எரிந்துபோனவன் என் சிநேகிதன், இன்ஸ்பெக்டர். அவன் அம்மாவுக்கு நான்தான் கடிதம் எழுதவேண்டும். கையெழுத்துப் போடுங்கள்."

"நாலரை வரைக்கும் இது என் ஸ்டேஷன் எல்லை. பார்த்துட்டுத்தான் போடுவேன்."

கூடவந்த கான்ஸ்டபிள் பெரியதம்பி இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். ஐயா இந்தக் குரலில் பேசும்போது பக்கத்தில் நிற்பது நல்லதில்லை என்று அவனுக்கு அனுபவம்.

"விமானம் வருதுன்னு எப்ப தெரியும்?"

"ஒன்றேகாலுக்குச் சங்கு ஊதினேன். நானே ஊதினேன். சங்கு ஊதினால் ஓடுபாதையில் ஆள் இருக்கக்கூடாது. கிழக்குக் கோடியில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேலிக்கு வெளியே சிப்பாய்கள் அவர்களை இன்னும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்."

"ஓடுபாதையில தூத்துறதுக்கு விடுவீங்களா?"

"களம் போச்சு, களம் போச்சு என்று தினம் கூச்சல். ஓரத்தில் செய்து தொலையுங்கள், சங்கு ஊதினால் ஓடிவிடுங்கள் என்று விட்டேன்."

"ஒன்னேகாலுக்கு அப்புறம் யாராவது உள்ளே வந்தாங்களா?"

"ஈ காக்கை இல்லை. கோபுரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ராயப்பன் மட்டும் பலகைக்குப் பக்கத்தில் நின்றான். நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை."

மொய்தீன் பிச்சை அதைக் குறித்துக்கொண்டார்.

மணி 2.55.

பெட்ரோல் டின் அடுக்கியிருந்த கொட்டகையில் ராயப்பன் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது. ஒடிசலான ஆள். கைகளில் யாரோ வாழையிலை சுற்றி, அதன்மேல் துணி கட்டியிருந்தார்கள்.

"டேய், உண்மையைச் சொல்லு. பலகையை ஏன் மேற்கே வச்சே?"

"சீட்டுல அப்படித்தாங்க இருந்துச்சி ஐயா."

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாதுங்க. கோயில் பள்ளிக்கூடத்துல நம்பர் மட்டும் கத்துக்கினேன். மேற்கால எறங்கணும்னா சீட்டுல மேற்காலப் பாத்து அம்பு போட்டிருக்கும். அதுங்கீழ ரெண்டு நம்பரு. பத்து, ஆறு போட்டிருந்துச்சி. பன்னெண்டு மணிச் சீட்டுலயும் அதே பத்து, ஆறுதான். மாத்தமில்லன்னு பலகைய அப்படியே வுட்டுட்டேன்."

"துரை ஆணியில இருந்து எடுத்துக் காட்டின சீட்டுல அம்பு கிழக்கே பார்க்குது. பதினாலு, பதினாலுன்னு இருக்குது."

ராயப்பன் நிமிர்ந்து பார்த்தான். "அது நான் குத்தின சீட்டு இல்லீங்க ஐயா."

"காத்து மாறினது உனக்குத் தெரியலையா? உடம்புல படாதா?"

"பட்டுதுங்க. சங்கு ஊதினதுக்கு அப்பாலதான் கடல்காத்து தூக்கிச்சி. தெனம் ரெண்டரைக்கு மேலதான் வரும், இன்னிக்கு ஜல்தியா வந்துட்டுது. ஆனா சீட்டு இல்லாம பலகைய தொட்டா சுட்டுடுவேன்னு தொரை சொல்லியிருக்காரு. ஏரோப்ளேன்ல வந்த சாமி வேற ரெண்டு சுத்து சுத்திட்டு எறங்க ஆரம்பிச்சிட்டாரு. கையக் கைய ஆட்டினேன். அவுரு பாக்கல." அவன் குரல் உடைந்தது. "என் கண்ணெதிர வெந்தாருங்க ஐயா. கொஞ்சம் முந்தி ஓடியிருந்தா இஸ்துப் போட்டிருப்பேன்."

கொலைகாரன் அழமாட்டான் என்று மொய்தீன் பிச்சை நினைக்கவில்லை. இருபது வருஷ உத்தியோகத்தில் அழாத கொலைகாரனையே அவர் பார்த்ததில்லை. அவன் அழுகையை விட்டுவிட்டு, பத்து ஆறு என்ற எண்ணை மட்டும் எழுதிக்கொண்டார்.

வெளியே வரும் வழியில் அந்த ஆணிக்கட்டையைப் பார்த்தார். ஒரு மணிச் சீட்டு டால்ட்டனிடம் இருந்தது. மற்ற பழைய சீட்டுகள் ஆணியிலேயே கொத்தாகத் தொங்கின. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்ததில் விரலெல்லாம் வெள்ளையாகிவிட்டது. காக்காய் எச்சம் தெரியாமலிருக்க ராயப்பன் பலகைக்கு அடிக்கடி சுண்ணாம்பு அடிப்பான். அவன் கையில் எப்போதும் சுண்ணாம்பு. மொய்தீன் பிச்சை திட்டிக்கொண்டே காக்கி டிராயரில் விரலைத் துடைத்தார்.

மணி 3.15.

காற்று பார்க்கிற ஆபீஸ் ஒரு தகரக் கொட்டகை. அதன் அதிகாரி ராஜாமணி, இஸ்திரி கலையாத சட்டை போட்டவர், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"உட்காருங்க. கணக்கு விவகாரம், போலீஸுக்குப் புரியுமோ என்னமோ."

"புரியறாப்பல சொல்லுங்க."

"காத்து எப்பவும் பாதைக்கு நேரா அடிக்காது. சாஞ்சு அடிக்கும். அதை ரெண்டாப் பிரிக்கணும். மூக்குக்கு நேரா வர்றது முன்காத்து. அது வேகத்தைத் தணிக்கும், நல்லது. விலாவுல இடிக்கிறது பக்கக்காத்து. அது பாதையை விட்டுத் தள்ளும், கெட்டது. எவ்வளவு டிகிரி சாஞ்சிருக்குன்னு பார்த்து, அதோ, அந்த அட்டவணையால பெருக்கினா வந்துடும்."

சுவரில் அட்டை ஒன்று தொங்கியது. 30 டிகிரி சாய்ந்தால் நூற்றுக்கு 87 முன்காற்று, 50 பக்கக்காற்று. 45 டிகிரி என்றால் இரண்டும் 71. 60 என்றால் 50, 87.

"இதானா?" என்றார் மொய்தீன் பிச்சை. "எங்க வாப்பா கோட்டக்குப்பத்துல தோணி ஓட்டினாரு. பாய்ல விழுற காத்துல எவ்வளவு முன்னால இழுக்கும், எவ்வளவு கரைக்குத் தள்ளும்னு கண்ணாலயே பிரிச்சுடுவாரு. அவருக்கு அட்டை இல்லை, அவ்வளவுதான்."

ராஜாமணியின் உதடு கோணிக்கொண்டது. "தோணி வேற, விமானம் வேற சார்."

"காத்து ஒண்ணுதானே? பன்னெண்டு மணிக்கு என்ன காத்து?"

"மேல்காத்து, அதாவது மேற்கேயிருந்து. பாதைக்கு முப்பது டிகிரி வடக்கே சாஞ்சு, பன்னிரண்டு மைல். முன்காத்து பத்து, பக்கக்காத்து ஆறு."

"ஒரு மணிக்கு?"

"கடல்காத்து வந்தாச்சு. தென்கிழக்கு. நாற்பத்தஞ்சு டிகிரி, இருபது மைல். பதினாலு, பதினாலு. சீட்டுலயே இருக்கே. விமானம் விழுந்தப்ப புகை எந்தப் பக்கம் போச்சுன்னு முகாமே பார்த்தது. என் சீட்டு ஒரு டிகிரி கூடப் பிசகலை."

"கச்சிதம்தான்" என்றார் மொய்தீன் பிச்சை. "ஒரு மணிக்கு நீங்களே கூரை மேல ஏறிக் காத்து அளந்தீங்களா?"

"வேற யார் அளப்பா?"

"இந்தத் தகரம் மத்தியானத்துல தோசைக்கல்லாட்டம் இருக்குமே."

"கடமைன்னா கடமைதான்."

மொய்தீன் பிச்சை பதிவேட்டைக் கேட்டார். ஏப்ரல் 12-ஆம் தேதி முதல் ராஜாமணியின் கையெழுத்து. பார்வைக்கு முத்து முத்தாக இருந்தது. நாள்தோறும் பன்னிரண்டு மணிக்கு ஒரு வரி, ஒரு மணிக்கு ஒரு வரி. மொய்தீன் பிச்சை இரண்டு வரிக்கும் விரலை வைத்து, பக்கம் பக்கமாகக் கீழே இறங்கினார். பத்து நிமிஷம் ஆயிற்று. ராஜாமணி இரண்டு தடவை கனைத்தார்.

"விமானமெல்லாம் வழக்கமா எத்தனை மணிக்கு வரும்?"

"காலையிலதான். மத்தியானத்துல வந்தது இன்னைக்குத்தான் முதல் தடவை."

பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மொய்தீன் பிச்சை கிளம்பினார். "சர்க்கார் சொத்து சார் அது!" என்று ராஜாமணி கத்தினார். "நானும் சர்க்கார்தான்" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னார் இவர்.

மணி 3.40.

கிழக்குக் கோடியில், ஓடுபாதை ஓரமாக, நாலைந்து ஓலைப்பாய்கள் தரையோடு விரித்துக் கிடந்தன. சுற்றிலும் கல் பாரம். கடல்காற்று இன்னும் அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பாயின் விளிம்பெல்லாம் படபடவென்று துடித்தது. வேலிக்கு வெளியே ஏழெட்டுப் பெண்கள் வெயிலில் நின்றார்கள். முன்னால் நின்றவள் ராயப்பனின் பெண்சாதி செண்பகம்.

மொய்தீன் பிச்சை வேலியோரம் போனார். "பாய்க்கடியில என்னம்மா?"

"கேப்பை. வேற இன்னா, வெடிகுண்டா வச்சிருக்கறேன்?"

"யாரு மூடினது?"

"நாங்கதான். சங்கு ஊதுனா பாயப் போட்டுக் கல்ல வச்சிட்டுத்தான் ஓடுவோம். அந்த ஏரோப்ளேன் காத்து பட்டா உமித் தூசியெல்லாம் பூடும். சாணியில தூசி கலக்காம வரட்டி நிக்குமா? வரட்டி இல்லாம அடுப்பு எரியுமா? களத்தையும் புடுங்கிக்கினீங்க, குடிசையையும் புடுங்கிக்கினீங்க, இப்ப எம் புருசனையும் புடுங்கிக்கினு போறீங்க. இந்தத் தூசியாவது எங்களுக்கு வுடக்கூடாதா?"

"எப்ப இருந்து தூத்துறீங்க?"

"காலையில பத்து மணியில இருந்து."

"ஊதினப்ப காத்து எந்தப் பக்கமிருந்து..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "வேண்டாம். சொல்லாதே."

"ஏன், நான் சொன்னா நம்பமாட்டியா?"

"நான் நம்புவேன். அந்தத் துரை நம்பமாட்டான். பெண்சாதி சொல்றது சாட்சி இல்லைன்னுடுவான். நீ வாயைத் தொறக்காம இருந்தாத்தான் உன் புருஷன் பிழைப்பான்."

செண்பகம் அவரை முறைத்தாள். இதுவரை எந்தப் போலீஸ்காரனும் தன் நல்லதுக்குச் சொல்லிக் கேட்டதில்லை அவள். ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள்.

"பெரியதம்பி! இந்தப் பாய் மேல எவன் கையாவது பட்டுது, உன் பெல்ட்டைக் கழட்டிடுவேன்."

மணி 4.05.

இன்னொரு விமானம் ஐந்து மணிக்கு வருகிறது என்று செய்தி வந்தது. பிணத்தை எடுத்துப் போக வரும் விமானம். "ஓடுபாதையைச் சுத்தம் செய்யுங்கள், அந்தக் குப்பையையும் வாருங்கள்" என்று டால்ட்டன் உத்தரவு போட்டார். மண்வெட்டியோடு ஆறு சிப்பாய்கள் பாயை நோக்கி வந்தார்கள்.

பெரியதம்பி நல்ல மனுஷன், வீரன் இல்லை. ஆனாலும் லத்தியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றான். "ஐயா!" என்று அவன் போட்ட சத்தம் கொட்டகை வரை கேட்டது.

மொய்தீன் பிச்சை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் டால்ட்டன். அதற்கும் பின்னால், பதிவேட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக வந்த ராஜாமணி.

"இதைத் தொட்டா ஒரு நிரபராதியைத் தூக்குல போட்ட பாவம் உங்க தலையில விழும்" என்று மொய்தீன் பிச்சை மூச்சு வாங்கச் சொன்னார். "கேப்டன், ஐந்து நிமிஷம். உங்க கண்ணால பாருங்க. என் பேச்சை நம்பவேண்டாம். அந்தப் பொம்பளைங்க பேச்சையும் நம்பவேண்டாம்."

"எதைப் பார்க்க?"

"ஒன்னேகால் மணிக் காத்தை. பாயைப் போட்டு மூடி வச்சிருக்காங்க."

டால்ட்டன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். 

"முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. ஒன்னேகாலுக்குச் சங்கு ஊதினது நீங்க. அதுக்கப்புறம் இங்கே யாரும் வரலை. சரிதானா?"

"சரி."

"விமானம் விழுந்தப்புறம்?"

"பெண்களைச் சிப்பாய்கள் உள்ளே விடவில்லை."

"அப்ப இந்தப் பாய்க்கடியில இருக்கிறது ஒன்னேகால் மணிக்கு இருந்தபடியே இருக்குது. ரெண்டு பேர் ஒரு படுதாவைக் கொண்டாந்து பிடிங்க! காத்து வர்ற பக்கமா, நல்லா மறைச்சுப் பிடிங்க. ஒரு தூசி பறக்கக்கூடாது."

லாரிப் படுதா ஒன்றைத் தென்கிழக்கில் தடுப்பாகப் பிடித்தார்கள். செண்பகத்தை உள்ளே கூப்பிட்டு, பாயை எடுக்கச் சொன்னார். அவள் கல்லைத் தள்ளி, பாய்களைச் சுருட்டினாள். 

நடுவில் சிவப்பாகக் கேப்பைக் குவியல். அதன் ஒரு பக்கத்திலிருந்து, தூற்றின தூசி பட்டையாக நீண்டு கிடந்தது.

"எந்தப் பக்கம் கிடக்குது, கேப்டன்?"

"கிழக்கே. கொஞ்சம் தெற்கே சாய்ந்து."

"மேற்கே ஒரு பிடி இருக்குதா பாருங்க."

டால்ட்டன் குனிந்து பார்த்தார். குவியலுக்கு மேற்கே தரை துடைத்துவிட்டது போல இருந்தது.

"இப்ப அடி வச்சு அளங்க. பாதையோட எத்தனை அடி, பாதைக்குக் குறுக்கே எத்தனை அடி?"

டால்ட்டன் பூட்ஸ் காலால் அளந்தார். கிழக்கே ஏழு காலடி. தெற்கே நாலு காலடி. அளந்து முடித்ததும் இன்னொரு தடவை அளந்தார். கணக்குத் தெரிந்த மனிதர். விஷயம் அவருக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது.

"ஏழுக்கு நாலு" என்றார் மொய்தீன் பிச்சை. "ராயப்பன் சொன்ன சீட்டு பத்துக்கு ஆறு. ரெண்டும் ஒரே சாய்மானம், ஒரே மேல்காத்து. ஆணியில இருந்த சீட்டு பதினாலுக்குப் பதினாலு. அந்தக் காத்து ஒரு மணிக்கே அடிச்சிருந்தா, கால் மணி நேரம் தூத்தின தூசி குவியலுக்கு அந்தப் பக்கம், வடமேற்கே, ஏழுக்கு ஏழா விழுந்திருக்கணும். ஒரு பிடி கூட விழலை. ஒன்னேகால் வரைக்கும் கடல்காத்து வரவே இல்லை, கேப்டன். வராத காத்தை ஒரு மணிக்கே எழுதி வச்ச சீட்டுதான் உங்க சட்டைப் பையில இருக்குது."

"கூரை மேல காத்து வேற, தரையில வேற!" ராஜாமணியின் குரல் கிறீச்சிட்டது. "சர்க்கார் பதிவேட்டுக்கு எதிரா உமிக் குப்பை சாட்சியா?"

"வாங்க, பதிவேட்டுக்கே வர்றேன்." கக்கத்திலிருந்து அதை எடுத்துப் பிரித்தார். "முப்பத்திரண்டு நாள் கேப்டன். தினம் பன்னெண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் ஒரே டிகிரி, ஒரே மைல், ஒரே முன்காத்து, ஒரே பக்கக்காத்து. ஒரு எண் மாறலை. உலகத்துல எந்தக் காத்தும் அப்படி அடிக்காது. இவர் தினம் ஒரு மணிக்கு ஏணி ஏறினதே இல்லை. பன்னெண்டு மணி வரியைக் காப்பி அடிச்சுட்டு கொட்டகை நிழல்ல உட்கார்ந்திருந்தாரு. காலையில மட்டும் விமானம் வந்த வரைக்கும் அது யாரையும் கொல்லலை. முப்பத்துமூணாவது நாள், இன்னைக்கு, வரி மாறியிருக்குது. விமானம் விழுந்த அன்னைக்கு மட்டும் ஞானோதயம்!"

"இன்னைக்கு அளந்தேன்! சத்தியமா அளந்தேன்!"

"அளந்தீங்க. ஒரு மணிக்கு இல்லை. ஒன்னே முக்காலுக்கு." மொய்தீன் பிச்சை ராஜாமணிக்கு நேராக வந்து நின்றார். "எல்லாரும் விமானத்தைப் பார்க்க ஓடினாங்க. நீங்க மட்டும் ஓடலை. புகை சாயறதைப் பார்த்தீங்க. சாய்மானத்தை எடுத்து, கருவியில வேகத்தைப் பார்த்து, அட்டவணையில பெருக்கிப் புதுச் சீட்டு எழுதினீங்க. கணக்கு ஒரு டிகிரி பிசகலை. பிசகவே பிசகாது; நடந்து முடிஞ்ச காத்தை அளந்தா எப்படிப் பிசகும்? அங்கே ஒருத்தன் கை வெந்துக்கிட்டிருந்தப்போ, அவன் ஆணியில இருந்த சீட்டை உருவிட்டு இதைக் குத்தினீங்க. கேப்டன், அந்தச் சீட்டை எடுங்க. உங்க விரலைப் பாருங்க."

டால்ட்டன் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது.

"இப்ப ஆணியில இருக்கிற மத்த சீட்டுல எதையாவது தொட்டுப் பாருங்க, சுண்ணாம்பு ஒட்டும். என் டிராயரே சாட்சி. ராயப்பன் கை படாத சீட்டு அந்த ஆணியில ஒண்ணே ஒண்ணுதான்."

ராஜாமணி டால்ட்டன் பக்கம் திரும்பினார்.  பிறகு, "எனக்கு ரெண்டு பொண்ணுங்க சார்" என்றார்.

"அவனுக்கும் குடும்பம் இருக்குதுய்யா!" என்று மொய்தீன் பிச்சை கத்தியதில் படுதா பிடித்திருந்த சிப்பாய்கள் திடுக்கிட்டார்கள். "சோம்பேறித்தனத்துக்கு ஒரு உயிர் போச்சு. ஒத்துக்கிட்டிருந்தா வேலை போயிருக்கும், கொஞ்ச நாள் ஜெயில். அதுக்குப் பயந்து, கையை நெருப்புல விட்டவனைத் தூக்குமேடைக்கு அனுப்பப் பார்த்தியே! நீயெல்லாம் மனுஷனா?"

படுதாக்காரர்கள் கை சோர்ந்து இறக்கிவிட்டார்கள். கடல்காற்று ஒரே மூச்சில் உள்ளே புகுந்தது. கிழக்கே கிடந்த தூசி அவ்வளவும் எழும்பி, கேப்பைக் குவியலைத் தாண்டி, வடமேற்கே பறந்தது. அந்தப் புகை போன அதே திசை. டால்ட்டன் அது போய் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி 4.30.

விழுப்புரத்து லாரி நேரம் தவறாமல் வந்தது. ராஜாமணியை ஏற்றினார்கள். இஸ்திரிச் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது.

ராயப்பனைக் குவியலண்டை கூட்டிவந்தார்கள்; கயிற்றை டால்ட்டனே அவிழ்த்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. "டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்" என்று மொய்தீன் பிச்சையிடம் சொன்னார். அவ்வளவுதான். செண்பகம் புருஷனின் கையைப் பார்த்தாள், பிறகு டால்ட்டனைப் பார்த்தாள்.  குவியலில் பாதிக்குப் பாதி தூசியும் மண்ணும் கலந்து கிடந்தது. அத்தனையையும் மறுபடி தூற்றவேண்டும்.

கிழக்கே வானத்தில் சத்தம் கேட்டது. ஐந்து மணி விமானம் அரைமணி முன்னாலேயே வந்துவிட்டது.

டால்ட்டன் திரும்பிப் பலகையைப் பார்த்தார். அது இன்னும் மேற்கேயே பார்த்துக்கொண்டிருந்தது. காற்று பார்ப்பவர் லாரியில். திருப்புகிறவனுக்குக் கையே இல்லை. சிப்பாய்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டால்ட்டன் ஓடினார். பலகையின் கட்டையைத் தோளால் முட்டித் தள்ளினார். அது கனம், ராயப்பன் தினம் ஒற்றை ஆளாகத் திருப்பினது. செம்மண்ணில் முட்டி போட்டு, சுண்ணாம்பு சட்டையெல்லாம் அப்ப, பாதி திருப்பியவர் நிமிர்ந்து காற்றைத் தேடினார். அது இதற்குள் மறுபடி மாறியிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். இப்போது ஒரு பிசகு செய்ய அவருக்குத் தைரியமில்லை.

செண்பகம் குனிந்து குவியலிலிருந்து ஒரு பிடி தூசியை அள்ளினாள். கையை உயரத் தூக்கி விரித்தாள். தூசி அவள் தோளைத் தாண்டி வடமேற்கே பறந்தது.

"கடல்காத்துதான்யா!" என்று கத்தினாள். "கெழக்கால திருப்பு! ஜல்தி!"

கேப்டன் டால்ட்டனுக்குத் தமிழ் தெரியாது. அவள் கையிலிருந்து பறந்ததைப் பார்த்தார். பலகையைக் கிழக்கே திருப்பி வைத்துவிட்டு, விமானம் இறங்கி நிற்கிற வரைக்கும் அதன் பக்கத்திலேயே நின்றார்.